பைசாவுக்கு ஒரு கிலோபைட்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. இருபுறமும் ஊரும் பேச்சும் உறவும் ஒன்றே. ஆயினும் ஒரு காலத்தில் இச்சாலையின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாத எல்லைக்கோடு ஒன்று கிடந்தது என்பதை இன்றைய மாணவர்கள் அறியார். செல்பேசி உரிமங்கள் வழங்குவதற்காக நாட்டை வட்டங்களாகப் பகுத்த தொலைத்தொடர்புத் துறை, சென்னையை ஒரு வட்டமாகவும், எஞ்சிய தமிழகத்தையும் புதுச்சேரியையும் மற்றொரு வட்டமாகவும் வகுத்தது. சென்னைத் தொலைபேசியின் உள்ளூர்ப் பகுதிகளோடு மறைமலைநகர் ஏற்றுமதி வளாகம், மீஞ்சூர், மகாபலிபுரம் ஆகிய இணைப்பகங்களின் பகுதிகளும் சென்னை வட்டத்தைச் சேரும் என்றது உரிம ஆவணம். ஆகவே கடலோரத்து மாமல்லபுரம் சென்னையாயிற்று. சென்னைக்கு மின்சார ரயில் ஓடும் செங்கற்பட்டோ அப்பட்டியலில் இடம்பெறாமல் பிற தமிழகத்தோடு நின்றது. வட்டம் மாறினால் ரோமிங் கட்டணம் உண்டு. 2005ஆம் ஆண்டில் இரு வட்டங்களும் ஒன்றாக்கப்பட்ட பின்னரே இவ்வெல்லை மறைந்தது.

கைப்பேசியில் ஒருவர் செலுத்தும் பணம், அவர் பேசியதையும் படித்ததையும் மட்டும் பொறுத்ததன்று. யாரோ எங்கோ வகுத்த அளவுகோலையும் பொறுத்தது. இதனை விளக்கவே எல்லைக் கதையை முதலில் கூறினேன். இணையம் கைப்பேசிக்குள் நுழைந்தபோது இவ்வுண்மை இன்னும் கூர்மையாக விளங்கியது. அதிலும் தமிழ் படிப்போர்க்கு.

தொலைபேசியில் பேசுங்கால் இரு முனைகளுக்கும் இடையே ஒரு வழி முழுவதும் நமக்கென ஒதுக்கப்படும். ஆதலின் நேரத்திற்குக் கட்டணம். கைப்பேசியில் முதன்முதல் வந்த வாப் பக்கங்களையும் இம்முறையிலேயே நிமிடக் கணக்கில் படிக்க வேண்டியிருந்தது. பின்வந்த ஜிபிஆர்எஸ் முறையில் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. வழி எவர்க்கும் தனியே ஒதுக்கப்படுவதில்லை. எனவே அஞ்சலகத்தில் எடைக்கேற்ப அஞ்சல் தலை ஒட்டுவதுபோல், வந்து சேர்ந்த தரவின் அளவுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டையொட்டிப் பெருவழக்காக இருந்த விகிதம், 10 கிலோபைட்டுக்கு 10 பைசா. கேட்பதற்கு மலிவுதான். 1 மெகாபைட் என்பது 1024 கிலோபைட். அதற்கு 10 ரூபாய் 24 காசு. அதே கணக்கில் 1 ஜிகாபைட்டுக்கு 10,485 ரூபாய்க்கு மேல்!

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை நேரில் காண இந்தியர்க்கு அந்நாளில் நுழைவுக் கட்டணம் 10 ரூபாய். 2016இல்தான் அது 30 ஆயிற்று. அக்கோயிலின் படம் 1 மெகாபைட் அளவில் இருந்தால், அதைக் கைப்பேசியில் காண்பதற்கு நேரில் காண்பதைவிட 24 காசு மிகுதியாகச் செலவாயிற்று. ஜிபிஆர்எஸ் வேகம் நடைமுறையில் நொடிக்கு 40 கிலோபிட் அளவில் இருந்தமையால், படம் மேலிருந்து கீழாக இறங்கி முடிய மூன்றரை நிமிடமும் ஆகும்.

மாணவர்கள் இவ்விலையை விரைவில் கற்றுக்கொண்டனர். உலாவியில் படங்களை நிறுத்திவைத்தனர்; தரவிறக்க வேண்டியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, மணிக்கு 20 ரூபாய் அளவில் வாங்கிய பிரௌசிங் சென்டருக்குச் சென்றனர். என் மாணவர் ஒருவர் மாலையில் 50 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துவிட்டு உறங்கினார். காலையில் இருப்பு சுழியம். அவர் புதிதாக வாங்கிய ஸ்மார்ட்போன் இரவெல்லாம் தானே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. 50 ரூபாய்க்குக் கிடைப்பது 5 மெகாபைட்டுக்கும் குறைவு என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பின்னரே, நிறுவனத்தின் மீதிருந்த அவர் சினம் ஒருவாறு தணிந்தது. எனக்கு அது முழுவதும் தணிந்ததாகச் சொல்ல இயலாது. தரவு இணைப்பைப் பயனாளரின் வெளிப்படையான இசைவின்றித் தொடங்கலாகாது, 1925 என்னும் எண்ணை அழைத்து அதனை நிறுத்தலாம் என்ற ஒழுங்குமுறையை டிராய் அமைப்பு நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2015ஆம் ஆண்டில்தான்.

இத்தட்டுப்பாட்டுக் காலத்தில் ஏழை மாணவனின் தோழனாக விளங்கியது ஓபரா மினி. 2006இல் உலகெங்கும் வெளியிடப்பட்ட இவ்வுலாவி, வலைப்பக்கத்தைத் தானே நேரடியாகப் பெறுவதில்லை. தொலைவிலுள்ள அதன் வழங்கிக் கணினி பக்கத்தைப் பெற்று, சுருக்கி, கைப்பேசிக்கு அனுப்பும். நூறு பைசாச் செலவு பத்து இருபது பைசாவில் முடிந்துவிடும். ஆனால் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெற்றுக் கட்டங்களே வரிசையாகத் தோன்றின. அக்கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. இதற்கு ஒரு கமுக்கமான வழி இருந்தது. நண்பர்கள் அதனை மருந்துக் குறிப்புப்போல் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வர். உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்திற்குச் சென்று, சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும் வசதியை இயக்கிவிட வேண்டும். உடனே தமிழ் தெரியும். எழுத்து எழுத்தாக வராமல் படமாக வருவதால் தரவின் அளவும் கூடும். சிக்கனத்திற்கென்று தேடிச் சென்ற உலாவியிலேயே, தாய்மொழியைப் படிப்பவர் கூடுதலாகச் செலுத்த நேர்ந்தது.

எழுத்தாகவே வந்தாலும் வேறுபாடு உண்டு. ஒருங்குறியை இணையத்தில் அனுப்பும் வழக்கமான முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்னும் சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறிகள்; ஆக 15 பைட். குறுஞ்செய்தியிலும் இதே நிலைதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம்பெறும். தமிழில் எழுதினால் 70 குறிகளோடு முடிந்துவிடும். நம் மாணவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதைச் சோம்பல் என்று நாம் கடிந்துகொண்டோம். அதில் பாதி சிக்கனம்.

எனினும் முழுப் பழியையும் குறியீட்டு முறைமீது சுமத்துவது நேர்மையாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருக்குறள் 1330 பாக்கள். பாவுக்கு ஏறத்தாழ 150 பைட் எனக் கொண்டால் நூல் முழுவதும் 200 கிலோபைட் அளவில் அடங்கும். பழைய விலையில் 2 ரூபாய்! உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்கள், அதுவும் 3 மெகாபைட்டுக்குள் முடியும், 30 ரூபாய். இவ்விரு நூல்களையும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் எழுத்துவடிவிலேயே வழங்கியது. மாறாக, நூலின் ஒரு பக்கத்தை வருடி எடுத்த படம் எளிதில் 300 கிலோபைட் ஆகும். அதாவது ஒரு பக்கத்தின் படத்திற்கு 3 ரூபாய். குறள் முழுவதற்கும் 2 ரூபாய். தமிழ் எழுத்து விலை மிக்கதன்று. தமிழைப் படமாக்கியதே விலை மிக்கது. நாளிதழ்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்ததும், பிறர் படிக்க வேண்டுமாயின் படமாகவே வெளியிட்டதும் நாமே இழைத்துக்கொண்ட இழப்பு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தரப்பாட்டுக்கு வழிகோலியது. ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்று ஆணையிட்டது 2010ஆம் ஆண்டில். இடைப்பட்ட 11 ஆண்டுகளின் நெடுமையை எண்ணுந்தோறும் மனம் வருந்துகிறது.

சிறு எழுத்துச் செய்தியின் பயனைக் கடலோர மக்கள் நம்மினும் முன்பே உணர்ந்தனர் எனலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில், சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென ஒரு கைப்பேசிச் சேவையை வடிவமைத்தது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய இடம் ஆகியவற்றை ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்திடமிருந்து பெற்றுத் தமிழில் தருவது அது. சில நூறு பைட்டுகளே போதும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரை கடந்ததை நேரில் கண்டவர்கள், படகைக் கரையேற்றச் சொல்லும் ஒரு வரியின் மதிப்பை நன்கறிவர். அலைவரிசை கரையிலிருந்து சில கிலோமீட்டர் மட்டுமே எட்டும் என்பது வேறு குறை.

விலை பின்னர் வீழ்ந்தது. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டு 3ஜி உரிமம் ஒன்று 1,464 கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. அது பெற்ற மூவருள் ஒன்றான ஏர்செல் 2018இல் நொடித்துப் போனது. 2013இல் பெரிய நிறுவனங்கள் 10 பைசாவை 2 பைசா அளவுக்குக் குறைத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டிராய் வெளியிட்ட புள்ளிவிவரப்படி 1 ஜிகாபைட்டின் சராசரி விலை 2014இல் 269 ரூபாய். 2018இல் 11 ரூபாய் 78 காசு. முன்பு மெகாபைட்டுக்குத் தந்த பணம் இப்போது ஜிகாபைட்டுக்குப் போதும். ஆனால் 10 ரூபாய்க்குச் சில்லறையாக வாங்கிய நாள்கள் மறைந்தன. பயன்படுத்தினாலும் இல்லாவிடினும் முழுத் தொகுப்பையே வாங்கியாக வேண்டும். 2024 ஜூலையில் அத்தொகுப்புகளின் விலையும் ஏறியது. தரவே வேண்டாத முதியவர்க்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் தர வேண்டுமென டிராய் விதித்தது 2024 டிசம்பரில்.

எங்கள் துறையின் பழைய மலர்கள் அனைத்தும் படங்களாகவே வருடப்பட்டுள்ளன. ஒரு மலரைத் திறக்க 60 மெகாபைட் வேண்டும். அதனுள் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. இவ்வாண்டு மாணவியர் இருவர் முதல் மலரைத் தட்டச்சு செய்யத் தொடங்கியுள்ளனர். இதுவரை 40 பக்கங்கள் முடிந்துள்ளன. கோப்பின் அளவு 210 கிலோபைட்.