இழுவைச் சோதனையும் மோதல் சோதனையும்: எஃகின் முறிவியல்பை அறிதல்

முன்னுரை

பொறியியல் கட்டுமானங்களில் பயன்படும் எஃகின் இயந்திரப் பண்புகள் ஆய்வகச் சோதனைகளின் வாயிலாகவே உறுதிசெய்யப்படுகின்றன. அவற்றுள் இழுவைச் சோதனை முதன்மையானது. ஆயினும், இழுவலிமையில் குறைவில்லாத எஃகுத் தகடுகள் பயன்பாட்டின்போது திடீரென முறிந்த வரலாறும் உண்டு. இச்சோதனை உணர்த்துவது யாது, உணர்த்தாது விடுவது யாது என்பதை மோதல் சோதனையுடன் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இழுவைச் சோதனை

இச்சோதனையில் வழவழப்பாகக் கடையப்பட்ட எஃகுத் தண்டின் இரு முனைகளும் பொறியில் பற்றப்பட்டு மெதுவாக இழுக்கப்படுகின்றன. தொடக்கத்தில் தகைவும் திரிபும் நேர்விகிதத்தில் உயர்கின்றன. நெகிழ்வுப் புள்ளியைக் கடந்ததும் தண்டு நிலையான உருமாற்றம் அடைகிறது. பெருமச் சுமைக்குப் பின் தண்டின் ஓரிடம் கழுத்துப்போல் குறுகி, இறுதியில் அறுகிறது. மென்எஃகில் முறிவுப் பரப்பின் ஒருபுறம் கிண்ணம் போன்றும் மறுபுறம் கூம்பு போன்றும் அமைவது, அது நீண்டு முறிந்தமைக்குச் சான்றாகும்.

நெகிழ்வுத் தகைவு, இழுவலிமை, நீட்சி விழுக்காடு ஆகியவை இச்சோதனையால் கிடைக்கின்றன. எனினும், சுமை மெதுவாக ஏற்றப்படுதல், தண்டில் வெட்டு இல்லாமை, சோதனை அறை வெப்பநிலையில் நிகழ்தல் ஆகிய மூன்று சூழல்களுக்கு உட்பட்டே இம்மதிப்புகள் பெறப்படுகின்றன.

கப்பல்களின் முறிவு

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் பற்றவைப்பு முறையில் 2,700-க்கும் மேற்பட்ட லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பலவற்றில் விரிசல்கள் தோன்றின. சில இரண்டாகப் பிளந்தன. அக்காலத்தில் கட்டப்பட்ட ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் 1943 சனவரி 16 அன்று போர்ட்லாந்து நகரத் துறையில், அமைதியான நீரில் நின்ற நிலையிலேயே முறிந்தது.

பற்றவைப்பே இதற்குக் காரணம் எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் எஃகு நொறுங்குந்தன்மை அடைவதே அடிப்படைக் காரணம் என்பதை நிறுவினார். சரக்கறை வாயிலின் கூர்மூலைகளில் தகைவு குவிந்து விரிசல் தோன்றியது. தறையாணியால் இணைத்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிட வாய்ப்புண்டு. பற்றவைத்த உடற்பகுதி தொடர்ச்சியான ஒரே பரப்பாதலால் விரிசல் தடையின்றிப் பரவியது.

சார்பி மோதல் சோதனை

இழுவைச் சோதனையில் இடம்பெறாத வெட்டு, விரைவு, குளிர் ஆகிய மூன்றையும் உட்கொண்டது சார்பி சோதனை. இது பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சார்பியின் பெயரால் வழங்குகிறது. 55 மி.மீ. நீளமும் 10 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட மாதிரியின் நடுவில் 2 மி.மீ. ஆழத்தில் 45 பாகை கோணமுள்ள 'வி' வடிவ வெட்டு இடப்படுகிறது. வெட்டுக்கு எதிர்ப்புறத்தில் ஊசல் ஏறத்தாழ வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. ஊசலின் தொடக்க உயரத்திற்கும் மோதலுக்குப் பின் எழும் உயரத்திற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து, மாதிரி உள்வாங்கிய ஆற்றல் ஜூலில் கணக்கிடப்படுகிறது.

ஒரே எஃகை வெவ்வேறு வெப்பநிலைகளில் சோதித்தால் ஆற்றல் மதிப்பு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை இடைவெளியில் விரைந்து வீழ்வதைக் காணலாம். அதற்கு மேல் முறிவுப் பரப்பு நாரிழை போன்று மங்கலாகவும், கீழே மணிமணியாகப் பளபளப்பாகவும் தோன்றும். பொருள்மையக் கனசதுரப் படிக அமைப்புடைய எஃகில் குளிர் மிகும்போது படிகத் தளங்கள் வழுக்குவது கடினமாகி, பிளவு எளிதாவதே இதற்குக் காரணம். முகமையக் கனசதுர அமைப்புடைய அலுமினியத்தில் இத்தகைய திடீர் வீழ்ச்சி காணப்படுவதில்லை.

தரநிலையும் ஆய்வக நடைமுறையும்

இவ்வேறுபாட்டை இந்தியத் தரநிலை ஐஎஸ் 2062 ஏற்றுக்கொண்டுள்ளது. இ250 தர எஃகின் 'ஏ' பிரிவுக்கு மோதல் சோதனை கட்டாயமன்று. 'பிஆர்' பிரிவு, சோதனை கோரப்பட்டால், அறை வெப்பநிலையிலும், 'பி0' பிரிவு 0 பாகை செல்சியசிலும், 'சி' பிரிவு -20 பாகை செல்சியசிலும் 27 ஜூல் ஆற்றலை உள்வாங்குதல் வேண்டும். நான்கு பிரிவுகளுக்கும் இழுவலிமைத் தேவை 410 மெகாபாஸ்கல் என ஒன்றே. ஆகவே, இழுவைச் சோதனை அறிக்கையை மட்டும் கொண்டு இப்பிரிவுகளை வேறுபடுத்த இயலாது.

மோதல் சோதனையிலும் சில கவனங்கள் தேவை. மாதிரி இன்றி ஊசலை வீசவிட்டு உராய்வு இழப்பை முதலில் அளவிடல் வேண்டும். குளிர்நீர்மத்தில் போதிய நேரம் வைத்த மாதிரியை வெளியில் எடுத்த 5 வினாடிக்குள் முறித்தல் வேண்டும். தாழ்த்தினால் மாதிரி வெப்பமடைந்து மதிப்பு பொய்யாக உயரும். வெட்டின் முனை தேய்ந்த கருவியால் மழுங்கினாலும் அதே பிழை நேரும். மதிப்புகள் சிதறும் இயல்புடையவை ஆதலின் மூன்று மாதிரிகளின் சராசரி கொள்ளப்படுகிறது. மாணவர் பதிவேட்டில் ஜூல் மதிப்போடு சோதனை வெப்பநிலையும் முறிவுப் பரப்பின் தோற்றமும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

முடிவுரை

இழுவைச் சோதனை தரும் நெகிழ்வுத் தகைவு வடிவமைப்புக் கணக்கீட்டில் நேரடியாகப் பயன்படுகிறது. சார்பி மதிப்பு அவ்வாறு பயன்படுவதன்று. அது பொருளைத் தேர்ந்தெடுக்கவும் விலக்கவும் உதவும் அளவுகோலாகும். சென்னையின் ஆய்வகத்தில் 30 பாகையில் பெறப்பட்ட மதிப்பைக் கொண்டு, இமயமலைப் பகுதியின் பாலத்திற்கோ குளிர்பதனக் கலனுக்கோ எஃகைப் பரிந்துரைத்தல் பொருந்தாது. பயன்பாட்டிடத்தின் மிகத் தாழ்ந்த வெப்பநிலையை முதலில் வரையறுத்து, அதற்கேற்பச் சோதனை வெப்பநிலையைத் தேர்தலே முறையாகும்.