கைத்தொலைபேசியை மாற்றுவதா, மென்பொருளை மட்டும் மாற்றுவதா?



“இருக்கிற போன் நல்லாத்தான் இருக்கு. மகன் ஐபோன் வாங்கித் தர்றேங்கிறான். மாறலாமாம்மா?” தொலைக்காட்சியில் முகம் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்தவர் என்று நம் மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஈரச்சந்தையில் மீன் வாங்க நின்றால்கூட இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. நின்ற இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. அதனால்தான் இன்றைய உரைக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? திரையைத் தொட்டால் எது திறக்க வேண்டும், எந்தச் செயலிக்கு உங்கள் புகைப்படங்களைப் பார்க்க அனுமதி உண்டு, மின்கலத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதையெல்லாம் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். நம்மூர்க் கடைகளில் இன்று விற்பனையாகும் திறன்பேசிகளில் ஏறக்குறைய அனைத்தும் இரண்டில் ஒன்றுதான். ஆப்பிளின் ஐஓஎஸ், அல்லது கூகளின் ஆண்ட்ராய்டு. சாம்சுங், சியாவ்மி, ஓப்போ என்று பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டுதான். ஹுவாவெய் மட்டும் 2019ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடைக்குப் பிறகு கூகள் சேவைகளை இழந்து தனி வழியில் போய்விட்டது.

முன்பு இப்படி இல்லை. நோக்கியாவின் சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன் என்று நாலைந்து தளங்கள் போட்டியிட்டன. 2012ஆம் ஆண்டு நோக்கியா லூமியா 900 வாங்கியவர்களின் கதை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. அதே ஆண்டிலேயே விண்டோஸ் போன் 8 வெளிவந்தது. ஆனால் அது லூமியா 900இல் இயங்காது என்று அறிவித்துவிட்டார்கள். சில மாதங்களே ஆன புதுக் கைத்தொலைபேசி, ஒரே நாளில் பழையதாகிப் போனது. பின்னர் 2019 டிசம்பர் 31ஆம் தேதியோடு வாட்ஸ்அப் விண்டோஸ் போனைக் கைவிட்டது. 2022 ஜனவரி 4ஆம் தேதி பிளாக்பெர்ரியின் பழைய கருவிகளுக்கான சேவைகளும் நின்றன. அந்தக் கருவிகளில் பல உடையவும் இல்லை, பழுதாகவும் இல்லை. மேலே ஓடிய சேவைகள் விலகிக்கொண்டன, அவ்வளவுதான். ஒரு கைத்தொலைபேசியின் ஆயுள் இப்படித்தான் முடிகிறது.

இப்போது ‘மேம்படுத்துவது’ என்ற சொல்லுக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும்போது புதுக் கருவி வாங்குவது என்று பொருள். திரையில் அறிவிப்பாக வரும்போது, இருக்கும் கருவியில் மென்பொருளைப் புதுப்பிப்பது என்று பொருள். இந்த இரண்டாவது வகையிலும் இரண்டு உண்டு. ஒன்று பாதுகாப்புத் திருத்தம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது அதன் வேலை. இதைத் தள்ளிப்போட வேண்டாம், வந்த வாரமே போட்டுவிடுங்கள். மற்றொன்று புதிய பதிப்பு. 2025 செப்டம்பரில் ஆப்பிள் 18ஆம் பதிப்பிலிருந்து ஒரே தாவாக 26ஆம் பதிப்புக்குப் போனதே, அது போன்றது. திரையின் தோற்றமே கண்ணாடிபோல மாறியது. பலருக்குப் பிடித்தது, சிலர் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்று முணுமுணுத்தார்கள்.

புதிய பதிப்புக்கு அவசரம் தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று நான்கு வாரம் பொறுத்தால் முதலில் தெரியவரும் கோளாறுகளைச் சரிசெய்து அடுத்த திருத்தம் வந்துவிடும். காரணம், திரும்பிப் போகும் வழி குறுகலானது. ஆப்பிள் புதிய பதிப்பை வெளியிட்ட சில வாரங்களில் பழைய பதிப்பை நிறுவுவதற்கான ஒப்புதலை நிறுத்திவிடுவது வழக்கம். பிடிக்கவில்லை, பழையபடி வேண்டும் என்றால் முடியாது.

சரி, புதிய பதிப்பு என் கருவிக்கு வரவே வராது என்று சொல்லிவிட்டால்? 26ஆம் பதிப்பு 2018ஆம் ஆண்டின் ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. அதற்காக மறுநாளே குப்பையில் போட வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆனால் அதே 5எஸ்ஸில் 2025 மே மாதத்தோடு வாட்ஸ்அப் நின்றுபோனது. ஆக, கவனிக்க வேண்டியவை இரண்டு. பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வருகிறதா? உங்கள் வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் இன்னும் ஓடுகின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கூகள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சுங் 2024இல் கேலக்சி எஸ்24க்கும் 7 ஆண்டு ஆதரவு தருவதாக அறிவித்தன. விலை குறைந்த கருவிகள் பலவற்றுக்கு அவ்வளவு கிடையாது. இந்த ஆண்டுக்கணக்கு அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று ஆண்டு பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த மூன்று ஆண்டு போனதுதான். எனவே கடையில் கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் “பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை?” என்று கேளுங்கள். விற்பனையாளர் தலையைச் சொறிவார். பரவாயில்லை, கேளுங்கள்.

“ரொம்ப மெதுவா ஓடுது, அதனால மாத்தணும்” என்பவர்கள் முதலில் மின்கலத்தைப் பார்க்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆப்பிள் ஓர் உண்மையை வெளியிட்டது. மின்கலம் பழையதான ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் மின்கலம் மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மெதுவாகிவிட்டது என்று புதுக் கருவி வாங்கியவர்களில் பலருக்கு ஒரு மின்கலம் போதுமானதாக இருந்திருக்கும். ஐபோன் அமைப்புகளில் மின்கல நலம் என்ற பகுதியில் 80 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால், மின்கலத்தை மாற்றிப் பாருங்கள்.

இனி, தளம் விட்டுத் தளம் தாவுவதற்கு வருவோம். தொடர்பு எண்கள், புகைப்படங்கள், நாட்காட்டி ஆகியவை இன்று அதிகச் சிரமமில்லாமல் மாறிவிடும். காசு கொடுத்து வாங்கிய செயலிகள் மாறாது, மறுபடி வாங்க வேண்டும். ஆப்பிள் கைக்கடிகாரம் ஆண்ட்ராய்டோடு சேராது. 2021க்குப் பிறகு வந்த சாம்சுங் கைக்கடிகாரங்கள் ஐபோனோடு சேரமாட்டா. ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் ஐமெசேஜை அணைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் உங்களுக்கு வராமலே போகலாம்.

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். நம் வீடுகளில் உண்மையான இழப்பு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது.

தோ பாயோவில் வசிக்கும் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர். கணவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டில் இருந்தன. பெரிய பேச்சு ஒன்றுமில்லை. “சந்தைக்குப் போயிட்டியா, வெங்காயம் வாங்கிட்டு வா” என்ற ரகம்தான். மகள் ஆசையாக ஐபோன் வாங்கிக் கொடுத்தார். கடையில் எண்களையும் படங்களையும் மாற்றிக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பைப் புதிதாகத் திறந்து எண்ணைப் பதிவு செய்தார்கள். பழைய கருவியை அங்கேயே அழித்து, விலையில் கழித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் உரையாடல்கள் அனைத்தும் காலி. “அவர் குரல் அதுல மட்டும்தாம்மா இருந்துச்சு” என்று அந்த அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கு உடனே பேச வரவில்லை.

என்ன நடந்தது? ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் காப்புப் பிரதியைக் கூகள் கணக்கில் சேமிக்கிறது. ஐபோனில் அதே வாட்ஸ்அப் ஐகிளவுடில் சேமிக்கிறது. ஒன்றில் இருப்பதை மற்றொன்று படிக்காது. செயலியின் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2022 முதல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களை மாற்ற முறையான வழி உண்டு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. ஐபோன் புத்தம் புதிதாக, அல்லது முழுவதும் அழிக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். பழைய கருவியில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலியைப் பதிவிறக்கம் செய்து, இரண்டையும் மின்சாரத்தில் செருகி, ஒரே வைஃபையில் இணைத்து, முதல் அமைப்பின்போதே வாட்ஸ்அப்பையும் தேர்வு செய்து மாற்ற வேண்டும். தொலைபேசி எண்ணும் அதேதான் இருக்க வேண்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகும் வழி 2021இல் திறந்தது. அங்கும் முதல் அமைப்பின்போது, கம்பிவடம் வைத்து, கியூஆர் குறியீட்டை வருடிச் செய்வதுதான் பாதுகாப்பான முறை. இரண்டிலும் அழைப்புப் பட்டியல் வராது.

அந்த அம்மாவின் கதை நல்லபடியாகவே முடிந்தது. அவரது கூகள் கணக்கில் ஒரு காப்புப் பிரதி இருந்தது. மறைச்சொல் ஒரு பழைய டைரியில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. உறவினர் ஒருவரிடம் ஆண்ட்ராய்டு கருவியை இரவல் வாங்கி, அதில் அவருடைய எண்ணைப் பதிந்து உரையாடல்களை மீட்டார்கள். பிறகு ஐபோனை முழுவதும் அழித்து, முறைப்படி மாற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. குரல் பதிவுகளை மகள் கணினியிலும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பதிவு இருந்தால் இன்றிரவே அதைச் செய்யுங்கள். தளம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது வங்கி. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்து, ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதன் பிறகு 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் ஒரு விதியைக் கொண்டுவந்தன. புதிய கருவியில் மின்னிலக்க டோக்கனைப் பதிந்தால், அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். மோசடிக்காரர் உங்கள் கணக்கைத் தன் கருவியில் பதிந்தாலும் உடனே பணத்தை எடுக்க முடியாது என்பதற்கான தடுப்பு அது. அதே தடுப்பு உங்களையும் காக்க வைக்கும். ஆகையால் சென்னைக்கு விமானம் ஏறும் முந்தின இரவு கைத்தொலைபேசியை மாற்றாதீர்கள்! வாடகை கட்ட வேண்டிய நாளிலும் வேண்டாம். சிங்பாஸையும் புதுக் கருவியில் மறுபடி அமைக்க வேண்டும். அது முடியும்வரை பழையதை அழிக்கக் கூடாது.

“ஐபோன்தான் பாதுகாப்பானதாமே?” என்ற கேள்வியும் வருகிறது. 2023ஆம் ஆண்டில் இங்கு ஆண்ட்ராய்டு பயனாளர்களைக் குறிவைத்து ஒரு மோசடி பரவியது. வீடு சுத்தம் செய்கிறோம், மலிவாகக் கடலுணவு தருகிறோம் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும். தொடர்புகொண்டால் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பி, செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். அது திரையையே கைப்பற்றி வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடும். இதனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓசிபிசி, வெளியிலிருந்து வந்த ஆபத்தான செயலிகள் இருந்தால் தன் வங்கிச் செயலி திறக்காதபடி செய்தது. 2024 பிப்ரவரியில் கூகள், இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து இப்படிப்பட்ட செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் சோதனை முயற்சியை உலகிலேயே முதலில் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. ஐபோனில் இங்கு வெளிச் செயலியை எளிதில் நிறுவ முடியாது என்பது உண்மை. ஆனால் போலி இணையப் பக்கத்தில் நாமே மறைச்சொல்லைத் தட்டினால் எந்தத் தளமும் காப்பாற்றாது. அதற்காக மட்டும் ஆயிரம் வெள்ளி கூடுதலாகச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழில் எழுதுவோர் தயங்க வேண்டியதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ இரண்டு தளங்களிலும் கிடைக்கிறது. ஐபோனில் அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைமுகங்கள் உள்ளேயே இருக்கின்றன.

யாருக்கு எது ஏற்றது என்று கேட்டால், என் பதில் சிலருக்கு வியப்பாக இருக்கும். உங்களுக்குச் சந்தேகம் வரும்போது யாரை அழைப்பீர்களோ, அவர் வைத்திருக்கும் தளத்தையே வாங்குங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஐபோன், அம்மா மட்டும் ஆண்ட்ராய்டு என்றால், “அந்தப் பொத்தான் எங்கேம்மா இருக்கு?” என்று பிள்ளைகள் தொலைபேசியிலேயே தடுமாறுவார்கள். அப்படி அழைக்க யாரும் இல்லாதவர், பத்து ஆண்டுகளாகக் கைபழகிய தளத்தை விட வேண்டாம். அதே தளத்தில் புதுக் கருவி வாங்கினால் போதும். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் நிலையங்களில் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். முதியவர்கள் கூச்சப்படாமல் போகலாம்.

மாறிய பிறகு பழைய கருவியை இரண்டு வாரமாவது இழுப்பறையில் வைத்திருங்கள். வங்கி, சிங்பாஸ், வாட்ஸ்அப் எல்லாம் புதியதில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, ஆப்பிள் அல்லது கூகள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகே முழுவதும் அழியுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் கொடுத்தால், வாங்குபவரிடம் அது பூட்டிய பெட்டியாகத்தான் இருக்கும், கடைக்காரரும் விலை தரமாட்டார். விற்க முடியாத அளவுக்குப் பழையது என்றால் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொட்டிக்குள் திணிக்காமல் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.