தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரல்ல

கடையில் துறுதுறுவென்று நீந்திய மீன் வீட்டுக்கு வந்த பத்தே நாளில் செத்து மிதந்தால், பழி பெரும்பாலும் கடைக்காரர் மேல்தான் விழும். ‘நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார்’ என்போம். புதுத் தொட்டி, பளிச்சென்ற கண்ணாடி, கழுவிப் போட்ட கூழாங்கல், அடிவரை தெரியும் தண்ணீர். நம் பக்கம் குறை இருப்பதாகவே தோன்றாது. ஆனால் பல வீடுகளில் மீனைக் கொல்வது அந்தத் தெளிந்த தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனுக்கு நஞ்சாகிற அளவில் அதன் வாடைகூட நம் மூக்குக்கு எட்டாது.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மீனிடமிருந்தே. தீனியில் இருக்கும் புரதம் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனை நம் உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது. நன்னீர் மீனோ அதை அம்மோனியாவாகவே, பெரும்பகுதி செவுள் வழியாக, வெளியே விட்டுவிடுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது பரந்த நீரில் கலந்து நீர்த்துப்போகும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? போதாததற்கு, தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் மீனின் கழிவும் அழுகிய இலையும் சேர்ந்து இன்னும் அம்மோனியாவைக் கூட்டுகின்றன.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம்; இதனால் பெரிய கேடில்லை. மற்றது செவுளுக்குள் எளிதில் புகுந்துவிடும் அம்மோனியா, இதுதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பிஎச்சும் வெப்பமும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது ஆறேழு பங்காக உயர்ந்துவிடும். தமிழ்நாட்டில் பல இடங்களில் போர் தண்ணீரின் பிஎச் 7.5க்கு மேல்தான் இருக்கும், வெயிலும் குறைவில்லை. ஆகவே குளிர்நாட்டுப் புத்தகம் தாங்கும் என்று சொல்கிற அம்மோனியா அளவு நம் வீட்டுத் தொட்டியில் மீனைச் சாய்த்துவிடக்கூடும்.

கடையிலிருந்து மீன் கொண்டுவரும் பிளாஸ்டிக் பையிலும் இதே கணக்குதான். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பிஎச்சைக் குறைக்கிறது. அதனால் அம்மோனியா கூடினாலும் தீங்கற்ற வடிவத்தில் அடங்கியிருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அடங்கியிருந்தது நஞ்சாகும். எனவே கட்டிய பையை அப்படியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், கண்ணாடிக் கலத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் ஒன்றாக வளர்த்த சோதனையை வெளியிட்டார். தாவரம் ஆக்சிஜன் தரும், மீன் பிழைக்கும் என்பது கணக்கு. இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டபின் சீரானது. மீன், தாவரம், நத்தை மூன்றும் சேர்ந்தால் தொட்டி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. நான்காவதாக ஒரு கூட்டமும் அந்தக் கலத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மண்ணிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பிரித்தெடுத்தார். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அவற்றின் பிழைப்பே அதுதான். மீன் தொட்டிகளில் இரண்டாவது வேலையை முக்கியமாகச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற இனம் என்று 1990களின் இறுதியில் தெரிந்தது. 2015இல் இன்னொரு வியப்பு: இரண்டு வேலையையும் தனியாகவே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. அவற்றில் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த பில்டரில்.

நடுவில் வரும் நைட்ரைட்டும் நஞ்சு. செவுள் வழியே இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடும், இரத்தம் பழுப்பாகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். மீன் கடைக்காரர்கள் ‘கொஞ்சம் கல் உப்பு போடுங்க’ என்று சொல்வதில் இங்கே நல்ல அறிவியல் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும். கடைசியில் வரும் நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் மாற்றித்தான் அதைக் குறைக்க வேண்டும்.

புதுத் தொட்டியின் முதல் மாதம்

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல. பில்டர் ஸ்பாஞ்ச், கூழாங்கல், கண்ணாடி என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனோடு தண்ணீர் ஓடும் இடத்தில் பெருகும். வளர்ச்சி மெதுவானது. புதுத் தொட்டியில் போதுமான அளவுக்குப் பெருக மூன்று முதல் ஆறு வாரமாகும். தொட்டி வாங்கிய அன்றே இருபது மீன்களை விடுவது ஆபத்தாவது இதனால்தான். மீன் இல்லாமலே பில்டரை ஓடவிட்டுத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்; அது அழுகித் தரும் அம்மோனியா பாக்டீரியாவுக்கு உணவு. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

தொட்டி தயாரா என்பதைச் சோதனைத் திரவம் சொல்லிவிடும். சிறிய கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, அம்மோனியா குப்பியிலிருந்து சொன்ன எண்ணிக்கைத் துளிகளை விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற அளவு கூடுதல். வெள்ளை அட்டைக்கு எதிரே, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் வெளிர்ப்பச்சை தெரியும். முதல் வாரங்களில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியத் தொடங்கும். முதல் இரண்டும் சுழியாகி அப்படியே நீடித்தால் மீன் விடலாம், அதுவும் இரண்டு மூன்றாக.

கழுவித் தள்ளாதீர்கள்

நம் வீடுகளில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘தொட்டி கழுவும்’ வழக்கம் உண்டு. மீன்களை வாளியில் போட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வெள்ளையாகும் வரை தேய்ப்போம். அத்தனை அக்கறையோடு நாம் கழுவித் தள்ளுவது அந்த பாக்டீரியாக் கூட்டத்தைத்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சத்தையும் கொல்லும். தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் அடியிலுள்ள கழிவோடு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். அதே தண்ணீரை வாளியில் பிடித்து ஸ்பாஞ்சை அதில் முக்கி இரண்டு மூன்று முறை பிழியுங்கள். கருப்பட்டி நிறத்தில் அழுக்கு இறங்கும். தண்ணீர் தடையின்றி ஓடும் அளவுக்குச் சுத்தமானால் போதும், பழுப்பு நிறம் இருக்கட்டும். புதிதாக ஊற்றுவது குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்து ஊற்றுங்கள், அல்லது அகலமான வாளியில் ஒருநாள் திறந்து வையுங்கள். குளோரமின் கலந்த தண்ணீருக்கு வைத்திருந்து ஊற்றுவது உதவாது, மருந்துதான் வேண்டும்.

அடுத்தது காற்று. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அதுவே பங்கு. ஏர் பம்பின் குமிழிகள் தண்ணீரை மேலே கிளறி, காற்றோடு உரசும் பரப்பைப் புதுப்பிப்பதால்தான் பெரும்பயன். கோடையில் கரண்ட் போனால் அதிக மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு கொண்ட பைட்டரும் கவுராமியும் மட்டும் இதற்கு விலக்கு.

தண்ணீருக்கேற்ற மீன்

வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீர்தான் உங்களுக்கு வாய்த்தது என்றால் கவலை வேண்டாம். கப்பியும் மோலியும் கடின நீரில் செழிக்கும். அமேசான் காட்டின் மென்னீரில் பிறந்த இனமான நியான் டெட்ராவை அதில் விட்டு வருந்த வேண்டாம். வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் தீர்வல்ல. அதில் தாது உப்புகள் இல்லாததால் பிஎச் நிலையாக நிற்காது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேர்ந்து சட்டென்று சரியும். வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதையும் விட்டுவிட வேண்டும். ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடிய, பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய, நிறையக் கழிவு விடும் மீன் அது.

வெள்ளைப் புள்ளி, துடுப்பு அழுகல் போன்ற நோய்களும் பலவேளை தண்ணீரில்தான் தொடங்குகின்றன. துடுப்பை அரிக்கும் பாக்டீரியா எப்போதும் தொட்டியில் இருப்பதுதான். தண்ணீர் கெட்டு மீன் தளரும்போது அதன் கை ஓங்குகிறது. எனவே மீன் ஒதுங்கி நின்றாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டாலோ, முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, தீனியை ஓரிரு நாள் நிறுத்துங்கள். மருந்து தேவைப்பட்டால் தனித் தொட்டியில் கொடுங்கள். மெத்திலீன் புளூ போன்றவை நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கும் வரிசையை மாற்றினாலே பாதி மீன்கள் பிழைத்துவிடும். முதலில் தொட்டியும் பில்டரும். அடுத்து சோதனைத் திரவம். பிறகு ஒரு மாதப் பொறுமை. மீன் கடைசியில் வரட்டும். குழந்தை கேட்டு அடம்பிடித்தால் அந்த மாதம் முழுவதும் குழாயில் நிறம் மாறுவதை அதற்குக் காட்டுங்கள். தண்ணீர் எப்படி உயிர் வாழும் இடமாகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடும்.