பழைய ஆலைக்குப் புதிய நெட்வொர்க் கார்டு

வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு பழுதாகி விட்டால் பெரிய கவலை இல்லை. கடைக்குப் போய் ஒரு கார்டோ யு.எஸ்.பி. அடாப்டரோ வாங்கி வந்து செருகுகிறோம். விண்டோஸ் அதைத் தானே கண்டுபிடித்து டிரைவரைப் போட்டுக் கொள்கிறது. ரூட்டர் ஓர் ஐ.பி. முகவரியைக் கொடுக்கிறது. பத்து நிமிடத்தில் மெயில் பார்க்கத் தொடங்கி விடுகிறோம்.

இதே வேலையைத் தொழிற்சாலையில் செய்வதற்கு நான் சில சமயம் மூன்று வாரம் திட்டமிட வேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டுவது அங்கேயும் ஐந்து நிமிட வேலைதான். மீதி நேரமெல்லாம் எதில் போகிறது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். நான் ஓர் ஆட்டோமேஷன் நிறுவனத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆலைகளில் உள்ள பழைய கன்ட்ரோல் சாதனங்களைப் புதிய கம்ப்யூட்டர்களோடு பேச வைப்பது என் வேலை.

பி.எல்.சி. என்னும் பெட்டி

ஆலையில் மோட்டாரை ஓட்டுவது, வால்வைத் திறப்பது, வெப்பநிலையைக் கவனிப்பது போன்ற வேலைகளை நம் மேஜை மேல் இருப்பது போன்ற கம்ப்யூட்டர் செய்வதில்லை. அதற்கென்றே பி.எல்.சி. என்ற சாதனம் இருக்கிறது. புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கம் இது. 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ரிலேக்களும் வயர்களும் அடைத்துக் கிடந்த பேனல்களுக்கு ஒரு மாற்றுக் கேட்டது. டிக் மோர்லியும் அவர் குழுவினரும் அதற்காக உருவாக்கியதுதான் மோடிகான் 084. அது அவர்களுடைய 84-வது ப்ராஜெக்ட் என்பதால் அந்தப் பெயர்.

பி.எல்.சி. தன் புரோகிராமை ஒரு நொடியில் பல தடவை மேலிருந்து கீழாகப் படித்து, அதன்படி வால்வுகளையும் மோட்டார்களையும் இயக்கும். இதற்குப் பக்கத்தில் ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் இருக்கும். அதில் ஓடும் சாஃப்ட்வேருக்கு ஸ்காடா என்று பெயர். டேங்கில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை டிகிரி என்பதையெல்லாம் அது படமாகக் காட்டும். இரண்டையும் இணைப்பது நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டு போனால் பி.எல்.சி. நிற்காது, வேலை நடந்து கொண்டே இருக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் ஈரோடு பக்கம் ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் இப்படித்தான் ஆனது. அங்கே ஆலன்-பிராட்லியின் எஸ்.எல்.சி. 5/04 வகை பி.எல்.சி. நான்கு இருந்தன. பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி வைத்து உடனே குளிர வைப்பது, வெப்பம் குறைந்தால் பாலைத் திருப்பி விடுவது, குளிர்ந்த பாலை டேங்குகளில் நிரப்புவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. ஸ்காடா கம்ப்யூட்டரின் மதர்போர்டு ஒரு நாள் மாலை இறந்து விட்டது. அதிலிருந்த நெட்வொர்க் கார்டு நன்றாகத்தான் இருந்தது. அதைச் செருகத்தான் புதிய கம்ப்யூட்டரில் இடம் இல்லை.

காணாமல் போன ஸ்லாட்

அந்தக் கார்டு ஐ.எஸ்.ஏ. வகை. 1981-ல் முதல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த ஸ்லாட் இது. 1984-ல் 16 பிட்டாக வளர்ந்தது. 1992-ல் இன்டெல் பி.சி.ஐ. ஸ்லாட்டைக் கொண்டு வந்தபின் மெல்ல மறைந்தது. இன்றைய மதர்போர்டுகளில் பி.சி.ஐ.யும் போய் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்தான் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலிலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டு விட்டது.

கார்டின் மறுமுனையில் இருந்ததும் நமக்குத் தெரிந்த ஈத்தர்நெட் அல்ல. டேட்டா ஹைவே பிளஸ் என்னும் நெட்வொர்க். நீல நிற உறை போட்ட கேபிளில் ஓடுவதால் எங்கள் தொழிலில் அதை 'ப்ளூ ஹோஸ்' என்பார்கள். சாதாரணமாக அதன் வேகம் 57.6 கே.பி.பி.எஸ். டயல்-அப் மோடத்தின் 56 கே.பி.பி.எஸ். வேகம் ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அதேதான். சிரிக்காதீர்கள். ஒரு டேங்கின் வெப்பநிலையைச் சொல்ல அது தாராளம். மின் இரைச்சல் நிறைந்த இடத்தில் 3 கிலோமீட்டர் வரை அது பாட்டுக்கு ஓடும்.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. பி.சி.ஐ. ஸ்லாட்டுக்கான கார்டு வாங்கலாம். ஆனால் அந்த ஸ்லாட் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேட வேண்டும், அதுவும் எத்தனை நாள் ஓடுமோ தெரியாது. யு.எஸ்.பி.யிலிருந்து டேட்டா ஹைவே பிளஸுக்குப் போகும் கேபிள் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பை எடுத்துப் போய் சோதிக்க அருமையானது, ஆனால் இரவும் பகலும் ஓட வேண்டிய இடத்தில் யாராவது கால் தட்டிப் பிடுங்கி விடக்கூடிய யு.எஸ்.பி. பிளக்கை நான் நம்ப மாட்டேன். மூன்றாவது வழி கேட்வே: ஒரு பக்கம் ஈத்தர்நெட், மறுபக்கம் ப்ளூ ஹோஸ், நடுவில் மொழிபெயர்ப்பு. நான்காவது, எஸ்.எல்.சி. 5/04 புரோசசரைக் கழற்றி, ஈத்தர்நெட் உள்ள 5/05 புரோசசரை அதே ரேக்கில் அதே இடத்தில் போடுவது. மற்ற கார்டுகளையும் வயர்களையும் தொட வேண்டாம்.

முதல் இரவு யு.எஸ்.பி. கேபிளால் திரையை உயிர்ப்பித்தோம். பிறகு கேட்வே வைத்தோம். அதற்குப் பின் புரோசசர்களை ஒவ்வொன்றாக மாற்றுவது என்று முடிவு செய்தோம். இந்த வரிசை முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பவரை அணைக்கும் முன்

கேட்வேக்குப் பயன்படுத்திய கன்ட்ரோல்லாஜிக்ஸ் ரேக்கில் மாட்யூலைப் பவர் இருக்கும்போதே கழற்றி மாட்டலாம். எஸ்.எல்.சி. ரேக்கில் அப்படிச் செய்யக் கூடாது. பவரை அணைத்தே ஆக வேண்டும். அணைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பழைய பி.எல்.சி.யில் புரோகிராம் இருப்பது ராம் மெமரியில். மின்சாரம் இல்லாதபோது அதைக் காப்பது ஒரு சிறிய லித்தியம் பேட்டரி. உங்கள் மதர்போர்டில் கடிகாரத்துக்காக ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறதே, அது தீர்ந்தால் தேதி மட்டும் தப்பாகும். இங்கே பேட்டரி தீர்ந்திருந்தால், பவரை அணைத்த கொஞ்ச நேரத்தில் ஆலையின் மூளையே வெறுமையாகி விடும். பேட்டரி விளக்கு வருடக்கணக்கில் சிவப்பாக எரிந்தும் யாரும் கண்டு கொள்ளாத பேனல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, பி.எல்.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக் கொள்வது. இதற்கு அப்லோடு என்று பெயர். (பி.எல்.சி.யிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது அப்லோடு, கம்ப்யூட்டரிலிருந்து பி.எல்.சி.க்குப் போவது டவுன்லோடு. குழப்பிக் கொண்டால் ஆலை போய் விடும்.) அப்படி எடுத்தாலும் புரோகிராமின் இடையே எழுதிய விளக்கக் குறிப்புகள் வராது. அவை முதலில் எழுதியவரின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். பால் ஆலையில் அந்தப் பழைய ஃபைல் பீரோவில் ஒரு சி.டி.யில் கிடைத்தது. அது கிடைக்காமல் இருந்திருந்தால் இரண்டு வாரம் கூடுதலாக ஆகியிருக்கும்.

முகவரிதான் ஆள்

ப்ளூ ஹோஸ் நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 0 முதல் 77 வரை ஓர் எண் உண்டு. மொத்தம் 64 சாதனங்கள். 78 அல்லவா வர வேண்டும் என்கிறீர்களா? இது எட்டை அடிப்படையாகக் கொண்ட ஆக்டல் கணக்கு; 7-க்கு அடுத்து 10 வரும், 8-ம் 9-ம் கிடையாது. கேபிளின் இரு முனைகளிலும் 150 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். முனையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எடுக்கும்போது ரெசிஸ்டரும் கூடவே போய் விட்டால், புதிய கார்டு சரியாக இருந்தும் நெட்வொர்க் விட்டு விட்டு வேலை செய்யும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத்தான் நாள் கணக்கில் ஆகும்.

ஈத்தர்நெட்டுக்கு மாறியதும் அந்த எண் ஐ.பி. முகவரியாகிறது. 5/05 புரோசசர் கடையிலிருந்து வரும்போது அதில் பூட்பி ஆன் ஆகியிருக்கும். உங்கள் ரூட்டர் டி.எச்.சி.பி. மூலம் முகவரி கொடுக்கிறதே, அதற்கு முன்னோடியான 1985-ம் வருடத்து முறை இது. பவர் வந்ததும் 'எனக்கு முகவரி கொடுங்கள்' என்று கேட்டுக் கொண்டே நிற்கும். சீரியல் போர்ட் வழியாக உள்ளே போய் நிலையான முகவரியைக் கொடுத்துவிட்டு, பூட்பியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி முகவரி கேட்கும். கேட்வேயின் ஈத்தர்நெட் மாட்யூலில் இன்னும் எளிது: மூன்று சிறு டயல்கள். 015 என்று திருப்பினால் முகவரி 192.168.1.15. வீட்டு ரூட்டர்கள் பலவும் இதே 192.168.1 வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் வந்து விட்டால், யாரோ ஒருவரின் செல்போன் பி.எல்.சி.யின் முகவரியில் வந்து உட்காரக் கூடும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கார்டை மாற்றும் முன் ஒன்று செய்யலாம். ஸ்டார்ட்டில் சி.எம்.டி. என்று டைப் செய்து, வரும் கறுப்புத் திரையில் ஐ.பி.கான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையோடு கொடுங்கள். ஐ.பி. முகவரி, கேட்வே, மேக் முகவரி எல்லாம் வரும். ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். மேக் முகவரி கார்டோடு பிறந்த எண். கார்டு மாறினால் அதுவும் மாறும். சில சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும்.

உறைந்து நின்ற 4 டிகிரி

நான்கு பி.எல்.சி.களும் ஒன்றோடொன்று பேசிக் கொள்பவை. டேங்கைப் பார்க்கும் பி.எல்.சி., 'டேங்கில் இடம் இருக்கிறது' என்று பதப்படுத்தும் பி.எல்.சி.க்குச் செய்தி அனுப்பும். முதலாவதை மட்டும் ஈத்தர்நெட்டுக்கு மாற்றினால், ப்ளூ ஹோஸிலேயே இருக்கும் மற்றதற்குச் செய்தி போகாது. கேட்வேயை முதலில் வைத்தது இதற்காகத்தான். ஒவ்வொரு செய்தியிலும் பழைய எண்ணை எடுத்து விட்டுப் புதிய பாதையை எழுத வேண்டும்.

செய்தி நின்று போனால் பெறுகிற பி.எல்.சி. என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. கடைசியாக வந்த மதிப்பை அப்படியே வைத்துக் கொள்ளும். 'இடம் இருக்கிறது' என்பதுதான் கடைசிச் செய்தி என்றால், டேங்க் நிரம்பி வழிந்தாலும் இடம் இருப்பதாகவே நம்பும்.

ஸ்காடா திரையும் அப்படித்தான். கேட்வேயைச் சோதித்த அன்று, ஷிஃப்ட் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஸ்கிரீன்ல நாலு டிகிரின்னு அரை மணி நேரமா அப்படியே நிக்குதுங்க. கம்ப்ரசர் அந்த நேரத்துக்கு ரெண்டு தடவை நின்னு ஓடிருச்சு. கொஞ்சமாவது ஏறி இறங்கோணுமில்லீங்க?"

"பைப்ல இருக்கற மீட்டர் என்ன காட்டுதுங்கண்ணா?" என்றேன்.

ஆறரை காட்டியது. கேட்வேயின் ப்ளூ ஹோஸ் முனை கழன்றிருந்தது. பல வருடங்களுக்கு முன் அந்தத் திரையை வடிவமைத்தவர்கள், இணைப்பு அறுந்தால் எண்ணின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று யோசிக்கவில்லை. இருபதாயிரம் லிட்டர் பால் அந்த டேங்கில் இருந்தது. உடனே கம்ப்ரசரைக் கையால் ஓட்டிக் குளிர வைத்தார்கள், பால் தப்பியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பி.எல்.சி.யிலும் நொடிக்கு ஒன்று கூடும் ஒரு கவுன்ட்டரை எழுதி விடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் இதற்கு 'ஹார்ட்பீட்' என்று பெயர். ஐந்து நொடி அந்த எண் மாறாவிட்டால் திரை முழுதும் சாம்பல் நிறமாகி மணி அடிக்கும். பி.எல்.சி.களுக்கு இடையிலும் இதே ஏற்பாடு. துடிப்பு நின்றால் 'டேங்க் நிரம்பி விட்டது' என்று எடுத்துக் கொண்டு வால்வை மூடி விடும். கார்டு மாற்றிய பின் பிங் கொடுத்துப் பதில் வந்ததும் 'முடிந்தது' என்று கிளம்பி விடும் இன்ஜினியர்கள் உண்டு. பிங் சொல்வது கார்டு உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான். திரையில் உள்ள எண்ணையும் பைப்பில் உள்ள மீட்டரையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து டிக் அடிப்பதற்கே எங்களுக்கு ஒரு முழு நாள் ஆனது.

திறந்து விட்ட கதவு

ப்ளூ ஹோஸில் இருந்தவரை, ஆலைக்குள் வந்து கேபிளைத் தொட்டால்தான் பி.எல்.சி.யை அணுக முடியும். ஈத்தர்நெட்டுக்கு வந்ததும், அதே நெட்வொர்க்கில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் அதனோடு பேசலாம். இந்தப் பழைய பி.எல்.சி.கள் 'நீ யார்' என்று சரியாகக் கேட்கத் தெரியாதவை. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் சீமென்ஸ் பி.எல்.சி.களைக் குறி வைத்தபோது அது பென் டிரைவ் வழியாகவே உள்ளே போகக் கூடியதாக இருந்தது. இன்டர்நெட் இல்லாத இடத்துக்கே அந்தக் கதி.

ஆலையின் மேனேஜர் தன் அறையிலிருந்தே டேங்கைப் பார்க்க ஆபீஸ் ரூட்டரில் இணைக்கச் சொன்னார். மறுத்து விட்டேன். பி.எல்.சி.களுக்குத் தனி சுவிட்ச், ஆபீஸுக்கு இடையில் ஒரு ஃபயர்வால், அவருக்குப் பார்க்க மட்டும் முடிகிற ஒரு பக்கம் என்று ஏற்பாடு செய்தோம். எஸ்.எல்.சி. புரோசசரின் முகப்பில் ஒரு சாவி இருக்கும். அதை 'ரன்' நிலையில் திருப்பி, சாவியை எடுத்து விட்டால் நெட்வொர்க் வழியாகப் புரோகிராமை யாரும் மாற்ற முடியாது. செலவில்லாத பாதுகாப்பு. ஆனாலும் பெரும்பாலான ஆலைகளில் சாவி அதிலேயே தொங்கிக் கொண்டிருக்கும்.

சுவிட்ச் வாங்கும்போதும் ஒரு விஷயம் பார்த்தோம். ஆரம்ப கால 5/05 புரோசசர்களின் ஈத்தர்நெட் 10 எம்.பி.பி.எஸ். மட்டுமே. இப்போது வரும் 2.5 ஜிகாபிட் சுவிட்ச்களில் பல, 10-க்கு இறங்கி வருவதில்லை. ஆகவே சாதாரண 10/100 சுவிட்சே போதும் என்று வாங்கினோம்.

இப்போது மூன்று பி.எல்.சி.கள் ஈத்தர்நெட்டில் இருக்கின்றன. பதப்படுத்தும் பி.எல்.சி. மட்டும் இன்னும் ப்ளூ ஹோஸில் கேட்வே வழியாக ஓடுகிறது. அதை அணைக்க நான்கு மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். பால் வருவது ஒரு நாளும் நிற்பதில்லை. வருடாந்திரப் பராமரிப்புக்காகக் காத்திருக்கிறோம். புரோசசர் வாங்கி, முகவரி எழுதி, அட்டைப் பெட்டியில் தயாராக வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஒரு புதிய பேட்டரியும்.