கதவைச் சாத்தியவர்

சந்திர மண்டலத்தில் முதன்முதல் கால் வைத்தவர் யார் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் பதில் சொல்லுவான். அவ்வீரரை வழியனுப்பி, விண்கலத்தின் கதவைச் சாத்திய கோஷ்டிக்குத் தலைவர் யார் என்று கேட்டால் பண்டிதர்களும் விழிப்பார்கள். அவர் பெயர் குந்தர் வெண்ட். பூமியை விட்டுப் புறப்பட்ட பல அமெரிக்க வீரர்கள் கடைசியாகக் கண்ட மனித முகம் அவருடையதே.

1923-ம் வருஷம் பெர்லின் நகரில் பிறந்த வெண்ட், இரண்டாவது உலக மகா யுத்தத்தில் ஜெர்மன் ஆகாயப் படையைச் சேர்ந்தவர். இரவில் போரிடும் விமானங்களில் யந்திரப் பொறுப்பாளராகப் பறந்தவர். ஹிட்லரின் கொடியின் கீழ் உழைத்தவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கலாம். அக்கொடியிடம் நமக்கு எள்ளளவும் பரிவு கிடையாது. படை கலைந்த பின் அம்மனிதர் தமது கைத்தொழிலை எதற்கு உபயோகித்தார் என்பதே இங்கே விஷயம். 1949-ல் அவர் அமெரிக்கா சென்றார். நேற்று வரை சத்துரு தேசத்தானாக இருந்தவனை யுத்த விமானங்களின் அருகே விடுவார்களா? லாரிகளைப் பழுது பார்த்து ஜீவனம் நடத்தினார். பிரஜா உரிமை கிடைத்த பிறகே மக்டானல் விமானக் கம்பெனியில் அவருக்கு இடங் கிடைத்தது.

அமெரிக்காவின் முதல் விண்கலங்களாகிய மெர்க்குரியையும் ஜெமினியையும் செய்தது அக்கம்பெனிதான். புளோரிடாவில், கேப் கானவெரல் ஏவுமேடையின் உச்சியிலுள்ள வெள்ளை அறை வெண்டின் ஆட்சிக்கு வந்தது. அவர் உத்தரவின்றி அங்கே ஒரு திருகாணியையும் எவரும் தொடலாகாது. அவருடைய ஆட்சேபத்தை மீறி மாறுதல் செய்யத் துணிந்த ஓர் எஞ்சினீயரைக் காவலரைக் கொண்டு வெளியேற்றினார். ஜான் கிளென் என்ற வீரர் அவருக்கு 'மேடையின் பியூரர்' என்று பரிகாசப் பெயரிட்டார். டன் கணக்கான எரிபொருளின்மேல் மனிதனை உட்கார வைக்குமிடத்தில், 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் நமது பழகிய வார்த்தைக்கு இடமேது?

அதே கிளென் 1962 பிப்ரவரியில் பூமியை வலம்வரப் புறப்படுமுன், அவர் மனைவியாரிடம் வெண்ட் பேசிய பேச்சு நினைக்கத்தக்கது. உங்கள் கணவர் பத்திரமாகத் திரும்புவார் என்று உறுதி கூற முடியாது, கூறினால் அது பொய் என்றார். கலம் புறப்படும்போது இயன்ற வரையில் செவ்வையாக இருக்கும், அதற்கே தாம் பிணை என்றார். விபத்து நேர்ந்தால், எங்களாலானதைச் செய்தோம் என்று உங்கள் கண்ணை நேருக்கு நேர் பார்த்துச் சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும் என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்வது எளிது. அவர் அதைச் சொல்லவில்லை.

அப்போலோ கலத்தைச் செய்யும் வேலை வேறு கம்பெனிக்குப் போயிற்று. வெண்டும் மேடையை விட்டு விலக நேர்ந்தது. 1967 ஜனவரி 27-ந் தேதி, வெறும் ஒத்திகையின்போது, பிராணவாயு நிரம்பிய அக்கலத்துள் தீ மூண்டது. கதவோ உட்புறமாகத் திறப்பது. உள்ளே பெருகிய அழுத்தத்தால் திறக்க முடியவில்லை. கிரிஸம், ஒயிட், சாபி என்னும் மூன்று வீரர்கள் மாண்டனர். வெண்ட் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. பிழை கலத்தின் அமைப்பிலேயே இருந்தது. ஆயினும் அடுத்துப் பறக்க வேண்டிய வால்டர் ஷிரா, அம்மனிதர் மேடையில் வேண்டும் என்று பிடிவாதம் செய்தார். புதிய கம்பெனி இணங்கியது. 1968 அக்டோபர் 11-ந் தேதி, வெளிப்புறம் திறக்கும் புதுக்கதவைச் சாத்தி, அப்போலோ 7 வீரர்களை வெண்டே அனுப்பி வைத்தார். கல்லூரிப் பட்டங்களை எண்ணி மனிதரை மதிப்பவர்கள், உயிரைப் பணயம் வைப்பவர்கள் யாரைத் தேடினார்கள் என்பதைக் கவனிப்பார்களாக.

1969 ஜூலை 16-ந் தேதி காலை, தரைக்கு மேல் சுமார் 320 அடி உயரத்தில், ஆர்ம்ஸ்ட்ராங்கின் கையில் வெண்ட் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொடுத்தார்: பளபளக்கும் தகடு சுற்றிய பிறை வடிவம், சந்திரனுக்குச் சாவியாம்! இரு கிரகங்களுக்கிடையே எங்கும் செல்லத்தக்க டாக்ஸிச் சீட்டு ஒன்றை ஆர்ம்ஸ்ட்ராங் பதிலுக்குக் கொடுத்தார். பிறகு கதவு சாத்தப்பட்டது.

1989 வரை அவர் பணியிலிருந்தார். 2010 மே 3-ந் தேதி, 86-ம் வயதில், ஏவுமேடைகளுக்குச் சமீபமான மெரிட் தீவில் காலமானார்.