மலைக்கும் விடுதிக்கும் ஒரே கணினிப் பெட்டி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர்களில் பலருக்கு மடிக்கணினியே போதும். வரைகலை, காணொளித் தொகுப்பு, பொறியியல் மென்பொருள் என்று போகிறவர்கள்தாம் மேசைக் கணினியைத் தாமே பூட்டிக்கொள்ள விரும்புகிறார்கள். அதே பணத்திற்கு வேகம் கூடுதல். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால், தவணைக் காலத்தில் அது கோலாலம்பூர் விடுதியில் இருக்க வேண்டும். விடுமுறையில் தோட்டத்து வீட்டில் தம்பி தங்கைகளுக்கும் பயன்பட வேண்டும். என்னுடையது அப்படித்தான் தாப்பா சாலை வளைவுகளில் பேருந்தில் ஏறி இறங்குகிறது. ஆகவே பெட்டி சிறியதாக இருந்தே ஆக வேண்டும்.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. வழக்கமான ஏ.டி.எக்ஸ். பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். 2001-ஆம் ஆண்டு வி.ஐ.ஏ. நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். பலகையோ 170க்கு 170 தான். இதற்கென்றே வரும் பெட்டிகளின் பருமனை லிட்டரில் சொல்வார்கள். ஃபிராக்டல் டிசைன் டெர்ரா சுமார் 10 லிட்டர். கூலர் மாஸ்டர் என்.ஆர். 200 சுமார் 18 லிட்டர். முன்னதில் செயலியின் மேல் 77 மில்லிமீட்டர் உயரக் குளிர்விப்பானே அடங்கும். பின்னதில் 155 வரை அடங்கும். இரண்டிலும் மின்வழங்கி எஸ்.எஃப்.எக்ஸ். எனும் சிறிய வகையாக இருக்க வேண்டும். வரைகலை அட்டையின் நீளத்தை வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

எது நமக்கு ஏற்றது? தானா ராத்தாவின் சராசரி வெப்பநிலை சுமார் 18 பாகை செல்சியஸ். கோலாலம்பூரில் 27, 28. அறை பத்துப் பாகை குளிர்ந்தால் செயலியும் ஏறக்குறைய அதே பத்துப் பாகை குளிரும். 1,400 மீட்டருக்கு மேல் காற்று ஏழில் ஒரு பங்கு மெலிந்திருப்பதால் விசிறியின் பலன் சற்றுக் குறையும். கூட்டிக் கழித்தால் மலைக்கே இலாபம். இதனால்தான் மலையில் சோதித்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. மலையில் சிரமமின்றி ஓடும் 10 லிட்டர்ப் பெட்டி, மதிய வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள விடுதி அறையில் திணறக்கூடும். கனமான வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது 18 லிட்டர்தான். அழகைக் கருதிச் சிறியதைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காற்று போகும் வழியும் முக்கியம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொட்டியின் அடியிலிருந்து விசிறி காற்றைத் தள்ளும். கொழுந்தை மிகத் தடிப்பாகப் பரப்பினால் காற்று ஊடுருவாது, வாட்டம் சீராக இராது. பெட்டிக்குள் கம்பிகளைத் திணித்து வைத்தாலும் அதே கதைதான். கண்ணாடிப் பக்கத்தைவிட வலைத் துளையுள்ள பக்கம் நல்லது. பேருந்தில் உடையவும் உடையாது.

மலையில் எதிரி ஈரம். கணினி ஓடும்போது அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் நீர் படியாது. அணைத்துப் பல வாரம் கிடந்தால்தான் தொல்லை. வீட்டில் விட்டு வருகிறீர்களென்றால் வாரம் இருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்; உட்சூடே ஈரத்தை விரட்டிவிடும். இரும்புத் தகட்டில் சாயம் உரிந்த இடம் துருப்பிடிக்கும். அலுமினியப் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை, எடையும் குறைவு, விலைதான் கூடுதல்.

பயணத்திற்கு முன் கனமான வரைகலை அட்டையைக் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுகளில் அதன் பாரம் துளையில் விழும். பெட்டியை நெகிழிப் பையிலிட்டு வாய் கட்டுங்கள். குளிர்ந்த உலோகத்தைக் கோலாலம்பூரின் ஈரக் காற்றில் திறந்தால், ஐஸ் தேநீர்க் குவளை வியர்ப்பதுபோல் உள்ளேயும் வியர்க்கும். விடுதியை அடைந்ததும் பையைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவைத்து, பிறகு மின்னிணைப்புக் கொடுங்கள்.