ஓவனுக்குள் ஒரு ஹெட்லைட்

காரின் ஹெட்லைட்டைக் கழற்றிக் கேக் சுடும் ஓவனுக்குள் வைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கேட்பவருக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் நூறு டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டிய சூட்டில் பத்து நிமிடம் போல வைத்து எடுத்தால், முன்பக்கத்து மூடியும் பின்பக்கத்துப் பெட்டியும் இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். உள்ளே பளபளக்கும் வெள்ளிச் சட்டத்துக்குக் கறுப்பு அடிக்க வேண்டுமா, பல்பைச் சுற்றி ஒளிவளையம் பூட்ட வேண்டுமா, பழைய ரிஃப்ளெக்டரைத் தூக்கிவிட்டுப் புரொஜெக்டர் வைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிப்புதான் நுழைவாசல். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரியான இடங்களில் சாமான்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. அவை போய் உட்காரும் அந்தச் சின்ன அறை எப்படிப்பட்டது என்பதைத்தான் யாரும் சொல்லி விற்பதில்லை.

வெளிச்சம் தருவதற்கான பொருள் என்றே ஹெட்லைட்டை நினைத்துப் பழகியிருக்கிறோம். திறந்து பார்த்தால், அதன் உறுப்புகளில் பல எதையாவது தடுப்பதற்காகவே உள்ளே இருக்கின்றன. தண்ணீரைத் தடுக்க ஒன்று, புற ஊதாக் கதிரைத் தடுக்க ஒன்று. எல்லாவற்றையும்விட விசித்திரம், ஒளியையே தடுக்க ஒன்று.

ஒரு காலத்தில் இதைத் திறக்கவே முடியாது. அமெரிக்காவில் 1940 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான ஏழு அங்குல வட்ட விளக்குதான். கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் இழையும் சேர்ந்தே மூடப்பட்ட ஒற்றைப் பொருள். இழை அறுந்தால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான். பின்னால் வட்டத்தின் அளவு மாறியது, சதுரமும் வந்தது. சட்டத்தின் பிடி மட்டும் 1983 வரை தளரவில்லை. அடுத்த ஆண்டு வந்த லிங்கன் மார்க் செவன் என்ற கார்தான், பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய, காரின் உடல்வாகோடு இழைந்து வளைந்த ஹெட்லைட்டை அங்கே மீட்டு வந்தது. அத்தோடு பாலிகார்பனேட்டும் வந்து சேர்ந்தது.

நாம் இன்றும் 'ஹெட்லைட் கண்ணாடி' என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்த பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைத்தான். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மான் ஷ்னெல்லும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும், ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமலே, இதைக் கண்டுபிடித்தார்கள். கல் பட்டால் சில்லுச் சில்லாக உடையாது. கண்ணாடியைவிடப் பாதி எடைதான். ஏறத்தாழ 147 டிகிரியில் இளகத் தொடங்கும். பின்பக்கத்துப் பெட்டி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்; அது 160 டிகிரி சுமாருக்கு உருகிவிடும். இரண்டையும் ஒட்டியிருக்கும் பியூட்டைல் பசையோ நூறு டிகிரி வாக்கிலேயே போதுமான அளவு தளர்ந்துவிடுகிறது. பசை தளர்ந்துவிட்டது, பிளாஸ்டிக் இன்னும் வளையவில்லை. முப்பது நாற்பது டிகிரி அகலமுள்ள அந்த இடைவெளியில்தான் இந்தக் கைவேலை முழுவதும் நடக்கிறது. ஓவனின் சுட்டிக்காட்டிக் குமிழை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானியை வைப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். சிவந்து கனலும் கம்பிக்கு நேராக விளக்கை வைத்தால், ஓவனின் காற்று எத்தனை டிகிரியில் இருந்தாலும் கம்பிக்கு எதிரே இருக்கும் மூலை கொப்பளித்துவிடும்.

பியூட்டைல் ரப்பரும் சாதாரண ஆள் இல்லை. 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவன ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் இருவரும் உருவாக்கியது. டயருக்குள் இருக்கும் டியூபில் காற்று இறங்காமல் இருக்கிறதே, அதற்கு இந்த ரப்பர்தான் காரணம். இதன் மூலக்கூறுச் சங்கிலியில் மெத்தில் தொகுதிகள் ஜோடி ஜோடியாக நெருக்கியடித்து நிற்கின்றன. காற்றின் அணுக்கூட்டம் நுழைந்து போக இடைவெளி கிடைப்பது அரிது. ஹெட்லைட்டில் வைக்கும் பசை வகைக்கு இன்னொரு குணமும் உண்டு: அது காய்ந்து இறுகுவதே இல்லை. பத்து வருடம் கழித்துப் பிரித்தாலும், பலாப்பழம் அரிந்த கையில் பால் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுபடுவதுபோல் இழுபடும். அதனால்தான் திரும்பச் சூடாக்கி அதே பசையாலேயே மூடவும் முடிகிறது.

எல்லா ஹெட்லைட்டுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. புதிய வண்டிகள் பலவற்றில் பாலியுரேத்தேன் அல்லது சிலிக்கோன் வகைப் பசைகள். அவை இறுகும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னலைச் சூடு அவிழ்க்காது. ஓவனில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பிளாஸ்டிக் வளையுமே தவிரப் பசை அசையாது. கத்தியால் அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே உங்கள் விளக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்வதில் பாதி வேலை முடிந்துவிடும். ஓவனில் நுழையாத பெரிய விளக்குகளுக்கு, அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஹீட் கன்னால் சூடான காற்றை ஊதுகிறார்கள். பிளாஸ்டிக் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் என்பதால் அவசரப்படுவதில் பயனில்லை. அந்த ஓவனில் மறுபடி கேக் சுடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சங்கதி. மூடி மஞ்சளாகிப் போனதற்காக யாராவது ஹெட்லைட்டைத் திறக்கப் புறப்பட்டால் தடுத்து நிறுத்துங்கள். பாலிகார்பனேட்டை மஞ்சளாக்குவது வெயிலின் புற ஊதாக் கதிர். அதைத் தடுக்க வெளிப்பக்கத்தில் கடினமான மெல்லிய பூச்சு உண்டு. பூச்சு தேய்ந்த இடத்தில் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் கதிர் பட்டு உருமாறி, நீல ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. நோய் வெளியே இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, புற ஊதாத் தடுப்புப் பூச்சை மறக்காமல் பூசினால் போதும். தேய்ப்பதோடு விட்டால் சில மாதத்தில் பழைய மஞ்சள் திரும்பிவிடும்.

சரி, பிரித்தாயிற்று. கண்ணில் முதலில் படுவது ரிஃப்ளெக்டரின் பளபளப்பு. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த படலம் அது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு, அவ்வளவுதான் அதன் தடிமன். விரல் பட்டால் எண்ணெய்க் கறை. கறையைத் துணியால் துடைத்தால் அலுமினியமே கையோடு வந்துவிடும். மூடியின் உட்பக்கத்தைத் தின்னராலோ அசிட்டோனாலோ துடைப்பது அதைவிட மோசம். பாலிகார்பனேட் வார்க்கப்பட்டபோது உள்ளே தங்கிய இழுவிசை, கரைப்பான் பட்டதும் நூற்றுக்கணக்கான நுண்விரிசல்களாக வெளியே வரும்.

ரிஃப்ளெக்டரின் வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய கண்ணாடி ஹெட்லைட்டுகளில் மூடியின் மீது வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். ஒளியைச் சாலை மீது பரப்பும் வேலையை அவைதான் செய்தன. கணினி வந்தபின் அந்த வேலை ரிஃப்ளெக்டருக்கே போய்விட்டது. அதன் ஒவ்வொரு முகமும் இழையின் ஒளியைச் சாலையின் எந்தப் பகுதிக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டது. அதனால்தான் இன்றைய மூடிகள் வழவழவென்று தெளிவாக இருக்கின்றன. இந்தக் கணக்கு முழுவதும், ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழை குறித்த இடத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. இரண்டு இழை கொண்ட எச்4 பல்பில் லோ பீம் இழைக்கு அடியில் குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் அது மறைப்பதால், எதிரே வருபவரின் கண் தப்பிக்கிறது. அந்த ஹோல்டரில் மலிவான எல்இடி பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுகின்றன. வெளிச்சம் கூடியதாகத் தெரியும், ஏனென்றால் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. மரக்கிளையும் விளம்பரப் பலகையும் பிரகாசிக்கும். வேண்டிய தூரத்தில் சாலை முன்பைவிட இருட்டாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. திறக்காமலே செய்யும் இந்த மாற்றம்தான், என் கணக்கில், திறந்து செய்யும் எல்லாவற்றையும்விடக் கெட்டது.

ஆர்வலர்கள் புரொஜெக்டருக்குப் போவதற்குக் காரணம் இந்தச் சிதறலே. அதன் ரிஃப்ளெக்டர் நீள்வட்ட வடிவம். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். ஒன்றில் ஒளியைப் பிறக்க வைத்தால், எந்தத் திசையில் புறப்பட்டாலும் அது சுவரில் பட்டு மற்றதில் வந்து கூடும். ஒளி கூடும் அந்த இரண்டாம் குவியத்தில் ஓர் உலோகத் தகட்டை நிறுத்தி, கீழ்ப்பாதி ஒளியை வெட்டிவிடுகிறார்கள். அப்பால் நிற்கும் குவிவில்லை, தகட்டின் விளிம்பைத் தலைகீழான பிம்பமாக்கிச் சாலையில் வீசுகிறது. கீழே மறைத்தது மேலே இருளாகிறது. இரவில் எதிர்ச் சுவரிலோ முன்னால் போகும் லாரியின் பின்பலகையிலோ கத்தியால் அறுத்ததுபோல் தெரியும் அந்தக் கோடு, வண்டிக்குள் இருக்கும் இரண்டங்குலத் தகட்டின் நிழல். கோட்டின் ஓரத்தில் நீலமோ ஊதாவோ லேசாகத் தெரிந்தால், வில்லை ஒளியை நிறம் பிரித்திருக்கிறது என்று பொருள்.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. நம் ஊரில் போக்குவரத்துப் போலீசார் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவதைப் பார்த்திருப்போம். புரொஜெக்டர் வில்லையில் அந்தப் பொட்டை ஒட்டினால் பிம்பத்தின் எந்தப் பகுதியும் மறையாது. வில்லையின் ஒவ்வொரு துண்டும் முழுப் பிம்பத்தையும் உருவாக்கும். பாதி வில்லையை மூடினாலும் முழுப் பிம்பமும் அப்படியே இருக்கும், பிரகாசம் மட்டும் பாதியாகும். கண்கூச்சத்தைத் தடுப்பது உள்ளே குவியத்தில் நிற்கும் தகடு. வெளியே ஒட்டும் பொட்டு பொதுவாகச் சாலையை மங்கலாக்கும், அவ்வளவே.

ஒளிவளையத்தின் சூத்திரம் எளிது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பிஎம்டபிள்யூவின் 5 சீரிஸ் கார்களில் வந்து பிரபலமானது. அக்ரிலிக் தண்டுக்குள் நுழைந்த ஒளி, அதன் சுவரில் சாய்வாகப் படும்போதெல்லாம் உள்ளேயே எதிரொளித்து வளைந்து ஓடுகிறது. வெளியே தப்பிவர வழி வேண்டும் என்று பின்பக்கத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டிருப்பார்கள். வளையம் முழுக்க ஒளிர்வது அந்த வெட்டுகளால்.

மூடுவதுதான் கஷ்டமான கட்டம். ஹெட்லைட் காற்றுப்புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் அது பிழைக்காது. உள்ளே ஆறு லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27 டிகிரியிலிருந்து 77 டிகிரிக்குச் சூடேறினால், அதாவது 300 கெல்வினிலிருந்து 350க்கு, அந்தக் காற்று ஏழு லிட்டர் இடம் கேட்கும். விளக்கு அணைந்ததும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மழையிலோ தண்ணீர் அடித்துக் கழுவும்போதோ குளிர்ந்தால், மிகச் சிறிய ஓட்டை வழியாகவும் நீரை உறிஞ்சிவிடும். இதற்காகவே பின்பக்கத்தில் ரப்பர் குழாயோ, டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கை இழுத்துச் செய்த சவ்வோ இருக்கும். சவ்வின் துளைகளில் காற்றும் நீராவியும் போகும், நீர்த்துளி போகாது. வளையத்துக்கு வயர் கொண்டுபோகும் அவசரத்தில் இந்தத் துவாரத்தை அடைத்துவிட்டுப் பிறகு உள்ளே பனி கட்டுகிறதே என்று தவிப்பவர்கள் ஏராளம். எல்இடிக்கு மாறினால் தொல்லை இன்னும் கூடலாம். 55 வாட் ஹாலோஜன், மூடியைச் சூடாக்கி ஈரத்தை விரட்டிக்கொண்டிருந்தது. எல்இடியின் சூடு பெரும்பாலும் பின்பக்கமாகவே போகிறது.

பசைக் கடையில் கிடைக்கும் எந்த சிலிக்கோனையும் வாங்கி ஓரத்தில் அப்பிவிடலாமா என்றால், முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. மூடிய அறைக்குள் அந்த ஆவி, ரிஃப்ளெக்டரின் நுண்படலத்தை அரிக்கப் போதும். சட்டத்துக்கு அடித்த பெயின்டும் நன்றாகக் காயாமல் உள்ளே போனால், பல்பின் சூட்டில் ஆவியாகி மூடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படியும். பழைய பசையை வழித்தெடுத்துவிட்டுப் புது பியூட்டைல் கயிற்றைக் காடியில் பதித்து, மறுபடி சூடாக்கி, கிளிப்பும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குவதே உருப்படியான முறை.

பிறகு சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒளிக்கோட்டைப் பார்க்க வேண்டும். லோ பீம் வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இறங்கும். பத்து மீட்டர் தூரத்தில் பத்து சென்டிமீட்டர். விளக்கு 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கோடு 70 மீட்டரில் தரையைத் தொடும். புரொஜெக்டரின் திருகுகள் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து, ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால், அந்த இறக்கம் மொத்தமும் காணாமல் போகும். மேலும் கீழும் சரிசெய்யத் திருகு உண்டு. புரொஜெக்டரே திரும்பி உட்கார்ந்து கோடு சாய்ந்துவிட்டால், திரும்பவும் ஓவன்தான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஹெட்லைட் மூடியில் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பது ஐரோப்பிய விதிமுறைப்படி கிடைத்த ஒப்புதல். எண், ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். ஜெர்மனிக்கு 1, பிரான்சுக்கு 2. அந்த ஒப்புதல் முழு விளக்குக்கும் சேர்த்துத் தந்தது. உள்ளே ஒன்றை மாற்றினால் எழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

வெளிநாட்டுப் பழைய புரொஜெக்டரை வாங்குபவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். லோ பீம் கோடு முழுக்கச் சமமாக இருப்பதில்லை. நடைபாதை ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கம் மட்டும் மேலே ஏறும். நமக்கு இடப்பக்கம். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம், அதாவது இங்கே எதிரே வருபவரின் கண். ஜப்பானிலும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால் அங்கே ஓடிய வண்டியின் புரொஜெக்டர் நமக்கும் பொருந்தும். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்கானால் மூடியிலேயே குறிப்பு இருக்கும்: விளக்கை நேருக்கு நேர் பார்க்கும்போது அம்புக்குறி நம் வலப்பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது, இரண்டு பக்கமும் காட்டினால் இருவகை நாட்டுக்கும் சரிசெய்துகொள்ளலாம், அம்பே இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது.